பதில் சொல்வதற்கு முன் இரண்டு நிமிடம்: மூச்சும் முடிவும்

கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனை பார்க்கப் போயிருக்கிறீர்கள். மே மாத வெயில். நட்டுவைத்த கற்களுக்கு நடுவே கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். புரோக்கர் கையில் லேஅவுட் ஜெராக்ஸ். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு போன் வருகிறது. கொஞ்சம் தள்ளிப் போய், ஆனால் உங்கள் காதில் விழும்படி பேசிவிட்டு வருகிறார். "சார், இந்த கார்னர் பிளாட்டை இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க. நீங்க இப்ப ஒரு அம்பதாயிரம் டோக்கன் போட்டீங்கன்னா, நான் அவங்கள நிறுத்தி வெச்சுடுறேன்."

இந்த நேரத்தில் உங்கள் மூச்சு எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வயிற்றில் இருக்காது, நெஞ்சுக்கு மேலே, தொண்டைக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும். சிலர் மூச்சை அப்படியே பிடித்து வைத்திருப்பார்கள். உள்ளங்கை ஈரமாகியிருக்கும், வெயிலால் என்று நினைத்துக்கொள்வோம். கட்டைவிரல் தானாகவே போனில் பணம் அனுப்பும் ஆப்பைத் தேடிப் போயிருக்கும்.

மூச்சை மெதுவாக்கினால் நல்ல முடிவு எடுக்கலாம் என்று இப்போது ஆபீஸ் பயிற்சி வகுப்பிலிருந்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதில் எது உண்மை, உடம்புக்குள் என்ன நடக்கிறது, எப்படிச் செய்வது என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். யோகா தெரிந்திருக்க வேண்டியதில்லை. சம்மணம் போட்டு உட்காரக்கூட வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சு உங்களுக்காக முடிவெடுக்காது. எந்த மனை நல்லது, எந்த வேலை நல்லது என்று அதற்குத் தெரியாது. அடுத்தவர் அவசரப்படுத்தும்போது நம் கையிலிருந்து போய்விடுகிற ஒன்றிரண்டு நிமிடத்தை அது திருப்பி வாங்கித் தரும், அவ்வளவுதான். நாம் பின்னால் வருத்தப்படும் முடிவுகளில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுத்தவை என்பதால், இது சின்ன விஷயம் இல்லை என்று நினைக்கிறேன்.

உடம்பு முந்திக்கொள்கிறது

ஏதோ ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால், உடம்பு நம் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. சிறுநீரகங்களின் தலையில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் இறக்குகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. கண்பாவை விரிகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை நடக்கும் மூச்சு, வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்: எதிர்த்து நில், இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு.

ராத்திரி பதினொரு மணிக்குத் தெருமுனையில் நாய் துரத்தினால் இது அருமையான ஏற்பாடு. ஓடுவதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், தெருநாய், மேனேஜர் அனுப்பிய மெயில், "இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க" இந்த மூன்றுக்கும் உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எழுந்து நிற்கிறது. ஓடவும் முடியாத, அடிக்கவும் முடியாத இடத்தில் அட்ரினலின் மட்டும் வந்து இறங்கிவிடுகிறது.

அப்புறம் மூளை. நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதிதான் நிறுத்தி நிதானிக்கும் வேலையைச் செய்கிறது. இரண்டு வழிகளை எடைபோடுவது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, மாச சம்பளத்தில் இந்த இ.எம்.ஐ. தாங்குமா என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் என்ற நரம்பியலாளர் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியைத்தான் ஆராய்ந்து வருகிறார். மன அழுத்தம் அளவு மீறும்போது நோர்அட்ரினலின், டோபமின் ஆகிய ரசாயனங்கள் மூளையில் அதிகமாகச் சுரந்து இந்தப் பகுதியின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன என்பது அவர் காட்டிய விஷயம். பிடி தளர்ந்ததும் பழக்கமும் பயமும் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. கோபத்தில் 'ரிப்ளை ஆல்' அழுத்துபவர் முட்டாள் இல்லை. அந்த நேரத்தில் அவருடைய மூளையின் நிதானமான பகுதி டூட்டியில் இல்லை.

இத்தனை உறுப்பு இருக்க, ஏன் மூச்சு?

இதயத்திடம் "கொஞ்சம் மெதுவாகத் துடி" என்று சொல்லிப் பாருங்கள், கேட்காது. வேர்க்காதே என்றால் தோல் கேட்காது. வயிறு எப்போதுமே யார் சொல்வதையும் கேட்காது. இப்படித் தானாக இயங்கும் வேலைகளில் மூச்சு கொஞ்சம் வித்தியாசமானது, உடம்புக்கும் கட்டுப்படும், நமக்கும் கட்டுப்படும். நாம் தூங்கும்போது மூளையின் அடியில் இருக்கும் முகுளம் அதைப் பார்த்துக்கொள்கிறது. வேண்டுமென்றால் நாமே கையில் எடுத்துக்கொள்ளலாம், நிறுத்தலாம், நீட்டலாம். அதனால்தான் பதறிப்போன உடம்பைத் தொடுவதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் பிடி இது ஒன்றாக இருக்கிறது.

அந்தப் பிடி எதோடு இணைந்திருக்கிறது? வேகஸ் நரம்போடு. மூளையின் அடியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், வயிறு என்று போகும் நீண்ட நரம்பு அது. இதயத்துக்கு 'மெதுவாக' என்று சொல்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. இதை நிரூபித்த கதை சுவாரசியமானது. 1921-ல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்துத் தனித்தனித் திரவத்தில் துடிக்க வைத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அந்த இதயம் மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். நரம்பு எதையும் தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது என்று தெரிந்தது. அந்த ரசாயனத்தைத்தான் இன்று அசிட்டைல்கோலின் என்கிறோம். 1936-ல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனையின் யோசனை லோவிக்குக் கனவில் வந்ததாம். நடுராத்திரியில் எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை, மறுநாள் ராத்திரி கனவு மறுபடி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தவளை எதற்கு, உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம். இப்போதே செய்யுங்கள். இடது கையைத் திருப்பி வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே நாடி ஓடும் இடத்தில் வலது கையின் மூன்று விரல்களை வையுங்கள். துடிப்பு பிடிபடும்வரை காத்திருங்கள். இப்போது மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நான்கைந்து தடவை செய்தால் ஒரு வித்தியாசம் விரலுக்குத் தெரியும். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன, விடும்போது இடைவெளி விட்டு வருகின்றன. இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும். மூச்சை உள்ளே இழுக்கையில் வேகஸ் நரம்பின் பிடி சற்றுத் தளர்கிறது, வெளியே விடுகையில் இறுகுகிறது. ஆக, வெளிமூச்சை நீட்டினால் இதயத்துக்கு 'மெதுவாக' என்ற செய்தி கூடுதல் நேரம் போகிறது. இந்தக் கட்டுரையில் வரும் பயிற்சிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதயத்தோடு நிற்கவில்லை. மூச்சின் தாளத்தைப் போடும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் ஒரு சிறு கொத்தாக இருக்கின்றன என்று 1991-ல் கண்டுபிடித்தார்கள். 2017-ல் சுண்டெலிகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று, அந்தக் கொத்திலிருக்கும் சில அணுக்கள் மூளையை உஷார்ப்படுத்தும் மையத்துக்கு நேராகத் தகவல் அனுப்புவதைக் காட்டியது. அந்த அணுக்களை நீக்கியதும் எலிகள் சாதுவாகிவிட்டன. மனது பதறினால் மூச்சு வேகமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூச்சிலிருந்து மனதுக்கும் ஒரு வழி உண்டு என்பதற்கு நரம்பளவில் கிடைத்த ஆதாரம் இது.

பைக் ஓட்டுபவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: மூச்சு ஒரு கிளட்ச். அது வண்டியை நிறுத்தாது, திருப்பாது. இன்ஜினின் உறுமலை ஒரு கணம் சக்கரத்திலிருந்து பிரித்துவைக்கும். கியர் மாற்றுவது நீங்கள்தான்.

"நல்லா ஆழமா இழுங்க" என்பது பாதி தப்பு

யாராவது பதற்றமாக இருந்தால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "நல்லா டீப்பா மூச்சு இழு". சொல்பவரின் மனது நல்லது, ஆனால் யோசனை பாதிதான் சரி. மூளைக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை, அதை நிரப்பினால் தெளிவு வந்துவிடும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில் எங்காவது கிடக்கும். பேட்டரி போட்டு விரலில் மாட்டிப் பாருங்கள். நல்ல ஆரோக்கியம் இருந்தால் 96, 97, 98 என்று ஏதாவது ஒன்று காட்டும். பதற்றமாக இருக்கும்போது மாட்டினாலும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. பெரிய பெரிய மூச்சாக இழுத்து அதில் சேர்ப்பதற்கு இடம் அதிகம் இல்லை.

பெரிய மூச்சை வேகமாக விட்டுக்கொண்டே இருந்தால் வேறொன்று நடக்கிறது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போகிறது. அதை வெறும் கழிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் மூளையின் ரத்தக்குழாய்கள் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் குழாய்கள் சுருங்குகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மரமரவென்று இருக்கும். பயந்துபோன ஆளுக்கு இது இன்னும் பயத்தைத் தரும். நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார்.

எனவே நினைவில் வைக்க வேண்டியது 'ஆழம்' இல்லை, 'மெதுவாக'. சின்ன மூச்சாகவே இருக்கட்டும், சத்தம் வராமல் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் மூச்சுப் பயிற்சி செய்வது தெரியக்கூடாது, அதுதான் சரியான அளவு. கிண்டி சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போதோ, போகிப் பண்டிகை காலையில் மொட்டை மாடியிலோ நுரையீரல் நிறைய இழுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதும் இதில் ஒரு சௌகரியம்.

எப்படிச் செய்வது

ஆரம்பிப்பவருக்கு ஒரே ஒரு முறை போதும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு. இரண்டு நிமிடத்தில் 12 மூச்சு. முடிந்தது.

எண்ணுவதில்தான் கோளாறு வரும். பதற்றத்தில் இருப்பவர் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று ஒரே விநாடியில் எண்ணி முடித்துவிடுவார். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு விநாடி பிடிக்கும். ஒரு கையை வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளலாம். இழுக்கும்போது கை முன்னால் வர வேண்டும். தோள்கள் ஏறி இறங்கினால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை வேலை செய்யாமல் கழுத்துத் தசைகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். மெனக்கெட்டு வயிற்றைத் தள்ள வேண்டாம். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினாலே பாதி சரியாகிவிடும். மூக்கு அடைத்திருந்தால் உதட்டைக் குவித்து வாய் வழியாக விடுங்கள். 4-6 திணறலாக இருந்தால் 3-5. எண்ணிக்கை முக்கியமில்லை, வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும்.

இரண்டு நிமிடம்கூட இல்லை, எதிரே ஆள் நிற்கிறார், இப்போதே வாயைத் திறக்க வேண்டும் என்ற நிலையில் வேறொன்று இருக்கிறது. மூக்கு வழியாக ஒரு முழு மூச்சு; அதை விடாமல் அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு; பிறகு வாய் வழியாக நீளமாக வெளியே. இரண்டு, மூன்று தடவை போதும். அழுது ஓய்ந்த குழந்தை தூங்கப்போகும் முன் தானாகவே இப்படி விடும், கவனித்திருப்பீர்கள். நாம் எல்லோருமே சில நிமிடங்களுக்கு ஒரு தடவை தெரியாமலே பெருமூச்சு விடுகிறோம்; சுருங்கிப்போன நுரையீரல் காற்றறைகளை அது மறுபடி விரிக்கிறது.

நான்கு எண்ணி இழுத்து, நான்கு எண்ணி நிறுத்தி, நான்கு எண்ணி விட்டு, மறுபடி நான்கு எண்ணி நிறுத்தும் 'பாக்ஸ்' முறையும் பிரபலம். அமெரிக்கக் கடற்படையின் சீல் படையினர் செய்வதாகச் சொல்லி ஆபீஸ்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். கெடுதல் இல்லை. ஆனால் மூச்சைப் பிடித்து நிறுத்துவது புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சில சமயம் பதற்றத்தைக் கூட்டிவிடும் என்பதால் நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

இது நமக்குப் புதிதா?

இல்லை. திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் மூச்சுக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார்: பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (நிறுத்துவது) 64, ரேசகம் (விடுவது) 32. அதாவது இழுப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். நடுவில் இருக்கும் 64 குருவின் முன்னால் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கு; ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அதில் இறங்கக்கூடாது. ஆனால் 16-க்கு 32 என்ற அந்த விகிதத்தில், இன்றைய ஆய்வகங்கள் 'வெளிமூச்சை நீட்டு' என்று சொல்வது அப்படியே இருக்கிறது. சென்னைக்கு இதில் தனி உறவும் உண்டு. உடல் அசைவை மூச்சோடு பிணைத்துச் சொல்லிக்கொடுத்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சார்யா 1950-களிலிருந்து இந்த ஊரில்தான் வாழ்ந்தார், 1989-ல் மறைந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி என்று பெயர் வைக்காமலே இதைச் செய்துகொண்டிருப்பவர்களும் உண்டு. இத்தாலியின் பவியா நகரைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை லத்தீனில் ஜெபமாலையும், பிறகு ஒரு யோக மந்திரமும் சொல்லவைத்து 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாக இறங்கியிருந்தது. சாந்தோமில் ஜெபமாலை உருட்டும் பாட்டிக்கும் மயிலாப்பூரில் விளக்கேற்றி சுலோகம் சொல்லும் பாட்டிக்கும் நம் 4-6 பயிற்சியைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவை இருக்காது என்பது என் ஊகம்.

சரி, மனது அமைதியாகிறது. முடிவு நன்றாக வருகிறதா? அதை நேரடியாகச் சோதித்த ஆராய்ச்சிகள் குறைவு. 2019-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மரைக் டி கூக்கும் குழுவினரும் வெளியிட்ட ஒன்றைக் குறிப்பிடலாம். ஒரு பிரிவினர் வெளிமூச்சு நீண்டிருக்கும்படி இரண்டு நிமிடம் மூச்சு விட்டார்கள், பிறகு வணிகம் சார்ந்த சிக்கல் ஒன்றைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் தந்தார்கள். இன்னொரு பிரிவினர் பயிற்சியில்லாமல் அதே வேலையைச் செய்தார்கள். மூச்சுப் பிரிவினரின் சரியான பதில்கள் கூடுதலாக இருந்தன. மற்றவர்களுக்கு ஏறிய அழுத்தம் இவர்களுக்கு ஏறவில்லை. கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் காகிதத்தில் ஒரு கேள்வி. வீட்டுக்கடன் வாங்குவதும் அதுவும் ஒன்றல்ல. 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம். மேலே சொன்ன இரட்டை இழுப்புப் பெருமூச்சைச் செய்தவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை நன்றாக மேம்பட்டது. ஆனால் அது மனநிலையை அளந்த ஆய்வு, முடிவுகளை அளக்கவில்லை. இவ்வளவை வைத்துக்கொண்டு "மூச்சு விடுங்கள், கோடீஸ்வரர் ஆகுங்கள்" என்று வகுப்பு எடுப்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை எங்கே போய் வாங்குவது

பயிற்சி தெரிந்தவர்கள்கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். புரோக்கர் எதிரே நிற்கும்போது கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். நம் ஊரில் அது ஏற்கெனவே இருக்கிறது: "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன் சார்." யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத, யாரும் மறுத்துப் பேச முடியாத வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நடங்கள். 12 மூச்சு. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன்.

12 மூச்சும் விட்டு முடித்ததும் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இதை நாளைக்குச் சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்? மனை விஷயத்தில், பெரும்பாலும் அந்த கார்னர் பிளாட் போகும், வேறொன்று வரும். இப்போதே கொடுத்தால் என்ன நஷ்டம்? டோக்கன் பணம் திரும்பி வராமல் போகலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மூளையின் அந்த முன்பகுதி வேண்டும். அதை டூட்டிக்குத் திரும்ப அழைக்கத்தான் இவ்வளவும்.

இன்னொரு இடம், இப்போது சென்னையில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. போலீஸ் என்றோ கஸ்டம்ஸ் என்றோ சொல்லிக்கொண்டு வீடியோ காலில் வருகிறார்கள். உங்கள் ஆதாரை வைத்து யாரோ கணக்கு திறந்திருக்கிறார்கள், பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம் என்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூடப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கும்பல் என்ன செய்கிறது என்று கூர்ந்து பாருங்கள். லைனை வெட்டக்கூடாது என்பார்கள், அறைக்கதவைச் சாத்தச் சொல்வார்கள், மகனிடமோ மகளிடமோ பேசக்கூடாது என்பார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். மூச்சு விட இடமே தர மாட்டார்கள். அவர்களுடைய தொழிலே அந்த இரண்டு நிமிடத்தை நமக்குக் கிடைக்காமல் செய்வதுதான். வயதான அம்மா அப்பாவுக்கு நீண்ட விளக்கம் எல்லாம் வேண்டாம். "யார் அவசரப்படுத்தினாலும் போனை வைம்மா, மூணு தடவை மெதுவா மூச்சு விடு, அப்புறம் எனக்குப் பண்ணு" என்று சொல்லிவையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். அதில் மட்டும் தாமதிக்கக்கூடாது.

ஆபீஸ் மெயிலுக்கு இவ்வளவு நாடகம் தேவையில்லை. பதிலை எழுதுங்கள், பெறுநர் பெயரை மட்டும் போடாதீர்கள், 12 மூச்சுக்குப் பிறகு படித்துப் பாருங்கள்.

எங்கே உதவாது

தகவல் இல்லாத இடத்தில் உதவாது. அந்த மனைக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் என்ன, தாய்ப்பத்திரம் யார் பெயரில், வில்லங்கத்தில் என்ன வருகிறது, பட்டா மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. வக்கீலிடம்தான் போக வேண்டும். அமைதியான மனிதரும் தப்பான பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார், கை நடுங்காமல் போடுவார்.

கோபம் சரியானதாக இருக்கும் இடங்களும் உண்டு. வாரக்கணக்கில் ஒருவர் உங்கள் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டு அடங்கிப்போவது தீர்வாகாது. எப்படிச் சொல்வது என்று யோசிக்க மூச்சைப் பயன்படுத்துங்கள், சொல்லாமல் இருப்பதற்கு வேண்டாம். அழுத்தம் தாங்கவில்லை என்று ஊழியர்கள் சொன்னால் ஆள் எடுக்காமல் மூச்சுப் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்தும் நிறுவனங்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

நெஞ்சு அழுத்துவது போல் வலித்து, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் பயிற்சி எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சைப் பிடித்து நிறுத்தும் முறைகளை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு பத்து நிமிட நடை இதைவிட நல்லது. நீச்சல் குளத்திலும் கடலிலும் மூச்சுப் பயிற்சி கூடவே கூடாது, தண்ணீருக்குள் நினைவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

எப்போது பழகுவது

பதறும் நேரத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் வராது. எதுவும் அவசரம் இல்லாத நேரத்தில் பழகியிருக்க வேண்டும். மெட்ரோவில் போகிறவர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு நிமிடம்தான். தேனாம்பேட்டையில் கதவு மூடியதும் ஆரம்பித்து நந்தனம் அறிவிப்பு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஏ.சி. இருக்கிறது, யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை, எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெட்ரோ பக்கமே போகாதவர்களுக்குக் குக்கர் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு பிரஷர் இறங்கும்வரை நிற்கும் நேரம் தாராளமாகப் போதும்.

முதல் வாரம் வேறெதையும் எதிர்பார்க்க வேண்டாம். எண்ணிக்கை தடுமாறாமல் வந்தாலே போதும். இரண்டாவது வாரம் சின்ன முடிவுகளில் பயன்படுத்திப் பாருங்கள்: தள்ளுபடி இன்னும் பத்து நிமிடத்தில் முடிகிறது என்று ஆப் காட்டும்போது, பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டும்போது, பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரர் கார் மறித்து நிற்கும்போது. நடுவில் தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். அநேகமாக அளவுக்கு மீறிப் பெரிதாக இழுத்திருப்பீர்கள். அடுத்த தடவை 3-5 போட்டுப் பாருங்கள்.